டைமோலால் சொட்டு மருந்து கண்ணுக்குள் ஜெல்லாக மாறுவது எப்படி?

கேள்வி

என் தாயாருக்கு வயது 67. கண் நீர் அழுத்த நோய்க்காகச் சில ஆண்டுகளாக டைமோலால் 0.5 சதவீதச் சொட்டு மருந்தைக் காலையும் இரவும் விட்டு வந்தார். சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, ‘ஜெல் உருவாகும் கரைசல்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேறொரு டைமோலாலை எழுதிக் கொடுத்து, காலையில் ஒரு வேளை விட்டால் போதும் என்றார். சதவீதம் அதே 0.5தான். குப்பியைச் சாய்த்துப் பார்த்தால் பழைய மருந்தைவிடச் சற்றே கெட்டியாகத் தெரிகிறதே ஒழிய, ஜெல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

மருந்தின் அளவைக் கூட்டாமல் இரண்டு வேளையை ஒரு வேளையாகக் குறைப்பது எப்படி முடிகிறது? மருந்து விட்டதும் சிறிது நேரம் பார்வை மங்குகிறது என்று அம்மா சொல்வது குறித்துக் கவலைப்பட வேண்டுமா? நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஹைட்ரோஜெல்லால் ஆன கான்டாக்ட் லென்ஸ் வழியாகவும், கண்ணீர்த் துளைக்குள் செருகும் சிறு குச்சி வழியாகவும் மருந்து கொடுக்கிறார்கள் என்று படித்தேன். அவை கண் அழுத்த நோய்க்கும் வந்துவிட்டனவா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (மருந்தாக்கவியல் ஆய்வு மாணவி)

சாதாரணச் சொட்டு மருந்து எவ்வளவு வீணாகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர் அளவுதான். இமைப் பை தாங்கக்கூடியதும் மொத்தத்தில் 30 மைக்ரோலிட்டரைச் சுற்றியே. எனவே சொட்டு விழுந்தவுடனேயே ஒரு பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது, எஞ்சியதைப் புதிதாகச் சுரக்கும் கண்ணீர் சில நிமிடங்களில் மூக்கை நோக்கிக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கருவிழியைக் கடந்து கண்ணின் உட்புறத்தை அடைவது விட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதைவிட, அது கருவிழியின் மீது தங்கியிருக்கும் நேரத்தைக் கூட்டுவதே பயன் தரும். கண் மருந்துகளில் ஹைட்ரோஜெல் நுழைந்ததன் காரணம் இந்த நேரம்தான்.

தங்கள் தாயாருக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் ஜெல்லன் கம் சேர்த்த கரைசலாக இருக்கும். ஜெல்லன் என்பது ஒருவகை பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்துப் பெறப்படும் பலசர்க்கரைப் பொருள். உணவுத் தொழிலில் கடல்பாசிக்கு மாற்றாகவும் பயன்படுகிறது. நீரில் கரைந்திருக்கும்போது இதன் நீண்ட சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கும். கண்ணீரில் உள்ள சோடியம், கால்சியம் அயனிகள் வந்து சேர்ந்ததும் அந்த விலக்கம் தணிந்து, சங்கிலிகள் இரட்டைச் சுருள்களாகப் பின்னி, நீரையும் மருந்தையும் தமக்குள் பிடித்துவைக்கும் வலையாகிவிடுகின்றன. அதாவது ஜெல்லை உருவாக்குவது தங்கள் தாயாரின் கண்ணீரேதான். குப்பிக்குள் அது நீர்மமாகவே இருக்க வேண்டும் என்பதால், டிமாப்டிக் எக்ஸ்.ஈ. என்ற பெயரில் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தில் சாதாரண உப்புக்குப் பதிலாக மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைச் சேர்த்தார்கள். இந்த ஒரு நுணுக்கத்தை நான் மிகவும் வியக்கிறேன். சோடியம் உப்பு தாராளமாக இருந்தால் மருந்து குப்பிக்குள்ளேயே உறையத் தொடங்கிவிடும்.

குளிர்ந்த நிலையில் நீர்மமாக இருந்து உடல் வெப்பத்தில் கெட்டியாகும் பொலாக்சமர் 407 போன்ற பாலிமர்களும் உண்டு. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் 15 சதவீதத்துக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கிறது, கண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் ஜெல்லாகும் தன்மையும் குன்றிவிடுகிறது. ஜெல்லனுக்கோ ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவே போதுமானது.

பதில் 2 (கண் மருத்துவர்)

மேலே உள்ள விளக்கம் சரியானது. பயன்பாடு குறித்துச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பார்வை மங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. கண்ணின் மேல் படியும் ஜெல் படலம் ஒளியைச் சீராகக் கடத்தாததால் அரை நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை மங்கல் இருக்கலாம். அது தெளியும் வரை அம்மா மாடிப்படி இறங்காமல் உட்கார்ந்திருப்பது நல்லது. அதற்கு மேலும் நீடித்தாலோ வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் மூடியைத் திறப்பதற்கு முன் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறச் சொல்லுங்கள். பிறகு கீழ் இமையைச் சற்றே இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மென்மையாக மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய உள் முனையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கண்ணீர் வடியும் வழி இதனால் அடைபடுகிறது. வேறு சொட்டு மருந்துகளும் இருந்தால் அவற்றை முதலில் விட்டு, பத்து நிமிடமாவது கழித்த பின்னரே இதை விட வேண்டும். வரிசையை மாற்றினால் ஜெல் படலம் அடுத்த மருந்தை உள்ளே விடாமல் தடுக்கும், அந்த மருந்தும் ஜெல்லைக் கழுவிவிடும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டைமோலால் பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது. மூக்கின் உட்சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கும் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகாமல் நேரே உடலெங்கும் பரவுவதால், இதயத் துடிப்பைக் குறைக்கவும் மூச்சுக்குழாயைச் சுருக்கவும் அதனால் முடியும். ஜெல் வடிவம் இந்தக் கலப்பைக் குறைக்கிறது, ஆனால் முற்றிலும் தடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்தை எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது.

பதில் 3 (பாலிமர் வேதியியல் பேராசிரியர்)

கான்டாக்ட் லென்ஸ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மென்மையான லென்ஸே ஒரு ஹைட்ரோஜெல்தான். செக் வேதியியலாளர் ஓட்டோ விக்தெர்லேயும் அவருடைய சகாவான லிம்மும் நீரை உறிஞ்சும் இந்தப் பாலிமரைப் பற்றி 1960இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், சிறுவர்களின் கட்டுமான விளையாட்டுப் பொருட்களால் செய்த சுழல்கருவியைக் கொண்டு, செக்கோஸ்லோவாக்கியாவில் தம் வீட்டிலேயே விக்தெர்லே லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அந்த லென்ஸை மருந்தில் ஊறவைத்துக் கண்ணில் பொருத்தலாமே என்ற எண்ணம் அதே பத்தாண்டிலேயே பிறந்துவிட்டது.

அந்த எண்ணம் மருந்துக் கடைக்கு வந்து சேர 2020களாகிவிட்டதற்குக் காரணம், ஹைட்ரோஜெல் வலையின் துளைகள் மருந்து மூலக்கூறுகளைவிடப் பெரியவை என்பதே. ஊறவைத்த மருந்தில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும், பிறகு வெறும் லென்ஸ்தான் கண்ணில் இருக்கும். அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற அக்யூவ்யூ தெராவிஷன் லென்ஸில் 19 மைக்ரோகிராம் கீட்டோடிஃபென் உள்ளது. அது ஒவ்வாமை அரிப்புக்கானது, ஒரு நாள் அணிந்துவிட்டு எறியக்கூடியது என்பதால் இந்த வேகமான வெளியேற்றம் அங்கே குறையாகவில்லை. கண் அழுத்த நோய்க்கோ ஆயுள் முழுவதும் சீரான வெளியீடு வேண்டும். லென்ஸுக்குள் வைட்டமின் ஈயைத் தடுப்பாகச் சேர்த்து, மருந்து அதைச் சுற்றிக்கொண்டு வரும்படி செய்து வேகத்தைக் குறைக்கும் ஆய்வுகள் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளன. முயற்சி அருமையானது, ஆனால் நடுங்கும் கையால் லென்ஸ் பொருத்த முடியாத முதியவர்களே இந்நோயாளிகளில் பலர் என்பதால், லென்ஸ் அவர்களுக்கு ஏற்ற வழியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செருகும் குச்சியின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். 2018இல் அனுமதி பெற்ற டெக்ஸ்டென்சா, பாலிஎத்திலீன் கிளைக்கால் ஹைட்ரோஜெல்லுக்குள் 0.4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனைக் கொண்டது. உலர்ந்த நிலையில் மெல்லிய இழையாக இருக்கும் அதை மருத்துவர் கீழ் இமையின் கண்ணீர்த் துளைக்குள் தள்ளிவிட்டால், ஈரம் பட்டுப் பருத்து அங்கேயே நிலைகொண்டு, 30 நாள் வரை மருந்தை வெளியிட்டபடி தானாகவே கரைந்துவிடுகிறது. உள்ளே இருக்கிறதா என்று நீல ஒளியில் பார்த்து அறிவதற்காக ஃபுளோரசீன் சாயத்தையும் பாலிமரோடு பிணைத்திருக்கிறார்கள். ஆனால் இது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, அழற்சி போன்றவற்றுக்கான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தையே உயர்த்தும் என்பதால் தங்கள் தாயாரின் நோய்க்கு இது மருந்தாகாது. இதே முறையில் டிராவோபிராஸ்ட் மருந்தை வைத்துக் கண் அழுத்த நோய்க்காக நடத்திய மூன்றாம் கட்டச் சோதனை 2019இல் முதன்மை இலக்கை எட்டவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஆஸ்துமா பற்றி எழுதியதைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். மழைக்காலத்தில் அவருக்கு இரவில் மூச்சு இரைப்பதுண்டு. ஒருமுறை இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்கள். அது வேறு மருத்துவர் பார்த்தது என்பதால் கண் மருத்துவரிடம் சொல்லவில்லையாம். மருந்தை நிறுத்திவிடலாமா?

கண் மருத்துவர்

நாளைக் காலைச் சொட்டுக்கு முன்பே, மருந்து எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இதை அப்படியே சொல்லுங்கள். இன்றே இரைப்பு இருந்தால் சொட்டை விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்று எதுவும் இல்லாமல் மருந்தை நாள்கணக்கில் நிறுத்திவைத்தாலும் கண் நரம்புக்குக் கேடு. லட்டனோபிராஸ்ட் போன்ற, இரவில் ஒரு வேளை விடும் மருந்துகள் பீட்டா தடுப்பான்கள் அல்ல. அவற்றில் எது பொருந்தும் என்பதை அந்த மருத்துவர் அம்மாவின் கண்ணைப் பார்த்து முடிவு செய்வார். இன்ஹேலர் எழுதிய பழைய சீட்டு இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.