புதுப்பிப்பு: புரொப்பெல்லர் கோணம் ஒருவழியாகப் பிடிபட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, நானே கட்டிய விமானத்தில் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின், மூன்று இதழ் புரொப்பெல்லர் (முன்னே சுழலும் விசிறி), தரையில் கட்டிவைத்து முழு த்ராட்டில் (எஞ்சினை முடுக்கும் பிடி) கொடுத்தாலும் 4900 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டவில்லை என்று. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் வீண். குற்றவாளி இதழ்க் கோணம்தான்: இதழ்கள் அதிகமாகச் சாய்ந்திருந்ததால் எஞ்சினுக்குச் சுமை கூடி, சுற்று ஏறவில்லை. 5200-க்குக் கீழே முழு த்ராட்டில் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

கோணத்தை ஒன்றரை டிகிரி குறைத்தேன். இப்போது தரையில் 5300, மட்டமாகப் பறக்கையில் 5650. 5 நிமிடம் வரை மட்டும் ஓட்டலாம் என்ற உச்சவரம்பு 5800, அதற்குள்தான். பயண வேகம் கொஞ்சம் போனது. சரி, எங்கள் ஓடுபாதை குட்டை, எனக்குச் சட்டென்று மேலே ஏறுவதுதான் முக்கியம்.

அப்புறம் ஒரு அதிர்வும் இருந்தது, அதற்குக் காரணம்: ஒரு இதழ் மட்டும் அரை டிகிரி பிசகியிருந்தது. ஒவ்வொரு இதழையும் ஒரே கிடைநிலைக்குச் சுழற்றி, நுனியிலிருந்து ஒரே தூரத்தில் கோணமானியை வைக்க வேண்டும். நான் முதலில் கண்ணளவில் வைத்திருந்தேன், கேட்காதீர்கள்.