புதுப்பிப்பு: மூளை அழற்சி சந்தேகம், முதல் பிசிஆர் நெகட்டிவ்

அண்ணனுக்குக் காய்ச்சல், உளறல், வலிப்பு; முதுகுத்தண்டு நீரில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) நெகட்டிவ், அசைக்ளோவிரை (ஹெர்பிஸ் வைரஸுக்கான மருந்து) நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"நோய் தொடங்கி முதல் 3 நாளுக்குள் எடுத்த பிசிஆர் ஏமாற்றலாம், மறுபடி எடுக்கக் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. எம்ஆர்ஐயில் மூளையின் டெம்போரல் (காதுப் பக்க) பகுதி வீங்கியிருந்ததால் மருத்துவர்களும் மருந்தை நிறுத்தவில்லை. இரண்டாவது பரிசோதனையில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் பாசிட்டிவ். அசைக்ளோவிர் உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ட்ரிப்ஸில். 14 முதல் 21 நாள் வழக்கமாம். மாத்திரை இதற்குப் போதாது.

எதிர்பாராதது சிறுநீரகம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிவிட்டது, மருந்து அங்கே படிகமாகப் படியுமாம். சலைனைக் கூட்டி, அளவைக் குறைத்ததும் இறங்கியது. இப்போது பேச்சு தெளிவு, பெயர்கள்தான் மறக்கின்றன. அப்புறம், சில வாரங்களில் நடத்தை மறுபடி மாறினால் என்எம்டிஏ ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புசக்தியே மூளையைத் தாக்குகிறதா என்று பார்க்கும்) பரிசோதனைக்கு உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.