வைஇசட் 125: மோட்டோகுரொஸா, எண்டுரோ பக்கமா?

படுவான்கரைப் பொடியன்:
கொழும்பில் ஒருவரிடம் பழைய யமஹா இரண்டு கிடக்கிறது. ஒன்று வைஇசட் 125, மண் ட்ரக்கில் குதித்து ஓடுகிற மோட்டோகுரொஸ் பந்தய வண்டி. மற்றது அதே பெயருக்குப் பின்னால் எக்ஸ் போட்டது, காட்டுப்பாதையில் நீண்ட தூரம் ஓடுகிற எண்டுரோ பக்கம் சாய்ந்தது, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் ஓடப் போவது கொக்கட்டிச்சோலைப் பக்க வயல் வரம்பு, உன்னிச்சைக்கு அப்பால் காட்டுப்பாதை, மனம் வந்தால் குடும்பிமலை அடிவாரம். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தய ட்ரக்கில் ஒருநாள் இறங்க ஆசையும் இருக்கிறது. எதை எடுக்க?

கல்லடிக் காற்று:
யோசிக்காதே மச்சான், மோட்டோகுரொஸ்தான். 125 டூ ஸ்ட்ரோக் எடுப்பதே மேல் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, அது இழுக்கிற இழுவைக்காக. யமஹாக்காரன் அதே எஞ்சினில் கொம்பிரஷனைக் குறைத்து, சிலிண்டரில் புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் போர்ட்டை மாற்றி, சஸ்பென்ஷனை மெதுவாக்கி, ஒரு ஸ்டாண்டும் போட்டு 2017இல் எக்ஸ் என்று விட்டான். அதே ஆறு கியர், லைட்டும் இல்லை. அப்புறம் எதற்கு அது? திருக்கோவில் கடற்கரை மணலில் பவர் இல்லாத வண்டியை ஓடிப் பார், பின் சில்லு புதைந்து நிற்கும்.

அக்கரைப்பற்று கராஜ்:
தம்பி, மணலுக்குப் பவர் வேண்டும், சரி. ஆனால் அவர் கேட்டது வரம்பு. மாரி மழைக்குப் பிறகு களிமண்ணில் இரண்டாம் கியரில் ஊரும்போது மோட்டோகுரொஸ் கீழே ஒன்றும் தராது, கொஞ்சம் முறுக்கினால் எக்ஸோஸ்ட் போர்ட்டில் இருக்கிற பவர் வால்வு திறந்து ஒரேயடியாக அள்ளும், சில்லு சுழன்று ஆள் வாய்க்காலுக்குள். எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலோடு எண்ணெய் கலக்க வேண்டும், யமஹா சொல்வது 30க்கு 1, மூன்று லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லி. மெதுவாகவே ஓடினால் அது ஒழுங்காக எரியாமல் சைலன்சர் வாயில் கறுப்பாக ஒழுகும், பிளக் நனைந்து வண்டி நின்றுவிடும். எக்ஸிலும் இது வரும், ஆனால் அது கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுப்பதால் வரம்பில் ஓடுவது லேசு. எதை எடுத்தாலும் நம்மட வெயிலுக்கு காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டை ஒரு நம்பர் இறக்கிப் பாருங்கள். பின் ரிம்மும் வித்தியாசம், மோட்டோகுரொஸ் 19 அங்குலம், எக்ஸ் 18. ரிம் சின்னதானால் ரயர் சுவர் உயரும், கல்லிலும் வேரிலும் அடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் கடிபடுவது குறையும். உன்னிச்சைக்கு அப்பால் பஞ்சர் ஆனால் யானை வந்துதான் ஒட்டித் தர வேண்டும்.

கல்லடிக் காற்று:
நானா, எஞ்சினோடு சுழலுகிற ஃப்ளைவீல் சில்லுக்கு வெயிட் போட்டு, பின் ஸ்புரொக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் அந்த வரம்புப் பிரச்சினை முடிந்தது. எக்ஸை எடுத்துக்கொண்டு அனுராதபுரம் சாலியபுர கஜபா மோட்டோகுரொஸ் ட்ரக்கில் குதித்துப் பாருங்கள், சொக் அடியில் முட்டும்.

அக்கரைப்பற்று கராஜ்:
வெயிட், ஸ்புரொக்கெட், 18 ரிம், ஸ்பிரிங், ஸ்டாண்ட். இவ்வளவையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து முடிய என்ன செலவு வரும் என்று கூட்டிப் பார்த்தீர்களா? வருசத்தில் ஒரு நாள் குதிக்க மற்ற நாளெல்லாம் நடு முதுகு நோக வேண்டுமா?

வாகரை வண்டில்:
இரண்டு பேருமே வீட்டிலிருந்து வயலுக்குப் போகிற ரோட்டை மறந்துவிட்டீர்கள். எண்டுரோப் போட்டியில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பொது ரோட்டால்தான் போவார்கள், 1913இல் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் எண்டுரோப் போட்டியும் அப்படித்தான், லைட்டும் நம்பர் பிளேட்டும் அதற்காகவே. எக்ஸ் அந்த வகை இல்லை. கேடிஎம் 125 ஈஎக்ஸ்சி அந்த வகை, அதையும் 2016 மொடலோடு நிறுத்திவிட்டார்கள். பதிவுப் புத்தகம் உள்ள ஒரு யமஹா டிடி 125 தேடு, அது ரோட்டிலும் ஓடலாம். எண்ணெய்க்குத் தனி டாங்க், கலக்கிற வேலையும் இல்லை.

படுவான்கரைப் பொடியன்:
ரோட்டுப் பிரச்சினை இல்லை அண்ணன், மாமாவின் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டுதான் போவேன். டிடியைப் பாரம் ஏற்றத்தான் பார்த்திருக்கிறேன், அதில் மனம் போகவில்லை.

கல்லடிக் காற்று:
பட்டா இருந்தால் தியத்தலாவைக்கும் ஏற்றலாம். நான் சொன்னதுதான்.

அக்கரைப்பற்று கராஜ்:
தம்பி, நான் எக்ஸ் பக்கம்தான், ஆனால் கொழும்புக்குப் போனால் பெயரைப் பார்க்க முன்னம் இரண்டிலும் எக்ஸோஸ்ட் பைப்பைக் கழற்றச் சொல்லி, போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் நெடுங்கோடு விழுந்திருந்தால் சிலிண்டர் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுங்கள்.