உதவி: கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது, 100 மில்லி ஆம்பியருக்கு மாற்றலாமா?

மழைத்துளி7
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான்கு நாளாக ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் கருவி) டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் கீசர் போட்ட பிறகுதான். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிடிவ், 100 மில்லி ஆம்பியர் கசிவில் விழுவதைப் போட்டுவிடலாம், இல்லையென்றால் இதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். நாளைக் காலை வருகிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. மாற்றலாமா வேண்டாமா?

ஓம்விதி
சில விவரம் வேண்டும். ஆர்சிசிபி முகப்பில் என்ன எழுதியிருக்கிறது? கீசர் போட்ட உடனே விழுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா? கீசரின் எம்சிபியை (அதிக மின்னோட்டம் போனால் விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டால் நிற்கிறதா? கீசர் இல்லாமல் ஒரு தடவையாவது விழுந்ததா? சமீபத்தில் வீட்டில் வயரிங் வேலை ஏதாவது நடந்ததா?

கம்பிவேலை30
இதற்கு இவ்வளவு கேள்வி தேவையில்லை. கீசர் எலிமென்ட் போய்விட்டது. எலிமென்டின் உள்கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், அந்தத் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மின்சாரம் குழாய் வழியாக எர்த்துக்குக் கசியும், ஆர்சிசிபி விழும். முப்பது வருடத்தில் இந்தப் புகாரில் பத்துக்கு எட்டு எலிமென்ட்தான். மாற்றுங்கள், சரியாகிவிடும்.

நிழல்மரம்
எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் கணினி, டிவி, மோடம், இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் என்று குவிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் உள்ளே மின் இரைச்சலை வடிக்கும் ஃபில்டரும் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்குக் கசியவிடும். எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 12, 13 மில்லி ஆம்பியர் இருந்தால், கீசரின் சாதாரணக் கசிவே மீதியை நிரப்பிவிடும். ஒரே ஆர்சிசிபியில் வீடு முழுக்கத் தொங்கவிடுவதுதான் தப்பு. இரண்டாகப் பிரியுங்கள்.

அளவுகோல்
இந்தப் பகுதியின் மேலே ஒட்டிவைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை. 'ஆர்சிசிபி விழுகிறது' என்று மட்டும் எழுதுவது, டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்வது போல. முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒரே வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் வளையம் சும்மா இருக்கும். வித்தியாசம் வந்தால் இழுத்துவிடும். ஐஇசி 61008 என்ற சர்வதேசத் தரத்தின்படி 30 மில்லி ஆம்பியர் கருவி 15 வரை விழக் கூடாது, 30-இல் 0.3 நொடிக்குள் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். சென்சிடிவ் என்பது கருவியின் கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான். நேரடியாகக் கொடுக்கிறேன் என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மழைத்துளி7
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆர்சிசிபியில் 40 ஆம்பியர், 0.03 ஆம்பியர் என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு அலைக்கோடு மட்டும் போட்டிருக்கிறது. கீசர் 2 கிலோவாட். சில நேரம் போட்ட உடனே விழுகிறது, சில நேரம் பத்து நிமிடம் தாங்குகிறது. நேற்று முழுக்க கீசரைப் பிளக்கிலிருந்து எடுத்து வைத்திருந்தேன், பகலில் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் இஸ்திரி போட்டபோது ஒரு தடவை விழுந்தது. இஸ்திரிப் பெட்டி புதிது, அதனால் அதைச் சொல்லவில்லை.

கம்பிவேலை30
பாருங்கள், கீசரை எடுத்ததும் நின்றுவிட்டது. எலிமென்ட்தான்.

ஓம்விதி
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். கீசர் பிளக்கிலேயே இல்லாதபோது இஸ்திரிக்கு விழுந்திருக்கிறது. எலிமென்ட் கெட்டிருந்தால் அன்றைக்கு விழக் காரணமே இல்லை. இந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் சந்தேகம்: எங்கேயோ ஒரு நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கீசரிலேயே இருக்க வேண்டியதில்லை, வீட்டில் எந்த மூலையிலும் இருக்கலாம். அப்படி இருந்தால், திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு சின்னப் பங்கு வளையத்துக்குள் வராமல் எர்த் வழியாகவே போய்விடும். லோடு சின்னதாக இருந்தால் அந்தப் பங்கும் சின்னது, ஆர்சிசிபி பேசாமல் இருக்கும். கீசர் 2000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அதில் முந்நூறில் ஒரு பங்கு வழி மாறினால் 29 மில்லி ஆம்பியர், டப்பென்று விழும். 1000 வாட் இஸ்திரிக்கு அதில் பாதி, சுமார் 14.5, விளிம்பில் நிற்கும். பக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடினால் தாண்டிவிடும். உங்கள் கதை இதோடு அப்படியே பொருந்துகிறது. கீசர் வெறுமனே பெரிய லோடு, அதனால் பழி அதன் மேல் விழுகிறது.

நிழல்மரம்
இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் எல்லா எம்சிபியையும் இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்த சர்க்யூட் என்று தெரிந்துவிடுமே?

ஓம்விதி
தெரியாது, நிறையப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். சாதாரண ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் டிபி பாக்ஸின் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) நியூட்ரல் பாரில் ஒன்றாகவே கிடக்கும். எந்த எம்சிபியை இறக்கினாலும் அந்தத் தப்பான தொடுகை அப்படியே இருக்கும். வரிசையாக ஏற்றினால் கடைசியில் கீசரில் விழும், எல்லோரும் கீசரைக் கை காட்டுவார்கள்.

சரியான வழி இது, எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது: மெயினை இறக்கி, மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் செய்துவிட்டு, பிளக்கில் உள்ள எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். நியூட்ரல் பாரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 500 வோல்ட் டிசி மெகரில் (காப்பு எதிர்ப்பை அளக்கும் மீட்டர்) அளக்க வேண்டும். ஐஇசி 60364-6 கேட்பது குறைந்தது 1 மெகா ஓம். நல்ல வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். தொடுகை இருக்கும் வயர் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும், சந்தேகமே வராது. மெகர் இல்லாதவர் சாதாரண மல்டிமீட்டரிலேயே நேரடித் தொடுகையைப் பிடித்துவிடலாம். நீங்களே பாக்ஸைத் திறக்க வேண்டாம்.

மழைத்துளி7
சரி, காலையில் அவரிடம் இதைக் காட்டுகிறேன். நன்றி.

எளியவன்
ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் நாற்பது வருடம் ஆர்சிசிபி கிடையாது. எர்த் நல்லாப் போட்டிருந்தோம், ஃபியூஸ் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது விதி மேல் விதி போட்டு, கருவி மேல் கருவி மாட்டச் சொல்கிறார்கள். ராத்திரி அது விழுந்தால் ஃபிரிட்ஜ் நிற்கிறது, வயதானவர்கள் இருட்டில் தடுமாறி விழுகிறார்கள். அதுவும் ஆபத்துதானே? எர்த் சரியாக இருந்தால் போதாதா?

அளவுகோல்
போதாது. இதைப் பள்ளிப் பாடம் மாதிரி ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குப் போடுங்கள். எர்த் பாதையின் மொத்த எதிர்ப்பு 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மண்ணில் தண்டு புதைத்த எர்த்துக்கு அது நல்ல அளவுதான். இரும்பு உடம்புக்கு ஃபேஸ் தொட்டுவிட்டது. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். கீசருக்கு 16 ஆம்பியர் எம்சிபி. அதன் தரத்தின்படி 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 23-க்கு ஒரு மணி நேரத்தில்கூட விழ வேண்டிய கட்டாயம் இல்லை. அதுவரை கீசர் உடம்பில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் நிற்கும். நாற்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால் நாற்பது வருடம் அந்தப் பழுது வரவில்லை என்றுதான் அர்த்தம்.

எளியவன்
கணக்கு புரிகிறது. சொல்லும் விதம்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெரியாததால்தானே கேட்கிறோம்.

செங்கல்சுவர்
எளியவன் ஐயா சொன்ன இருட்டு விஷயத்தைத் தள்ளிவிடக் கூடாது. அது உண்மையான ஆபத்து. ஆர்சிசிபியை எடுப்பது அதற்கு வழியில்லை, பிரிப்பதுதான் வழி. விளக்குகளுக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ஒன்று, கீசருக்குத் தனி. ஒன்று விழுந்தால் வீடு முழுக்க இருட்டாகாது.

விதி சும்மா வரவில்லை என்பதையும் சொல்கிறேன். பெர்க்லியில் இருந்த பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தன்னார்வலர்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, எத்தனை மில்லி ஆம்பியர் வரை அவர்களால் கையை விட முடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசை இறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் முடியாது. அவர்தான் 1961-இல் அமெரிக்க வகைக் கருவியை உருவாக்கினார். அங்கே அது 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே விழும். அங்கேயும் ஒரே நாளில் கட்டாயமாக்கவில்லை. 1975-இல் குளியலறை, 1987-இல் சமையலறை மேடை என்று ஈரம் இருக்கும் இடங்களாகப் பார்த்து விரித்தார்கள். சமையலறைக்கு முன்பே குளியலறை வந்ததற்குக் காரணம் நமக்கே தெரியும். நனைந்த உடம்பு, வெறுங்கால், ஈரத் தரை.

நிழல்மரம்
அப்படியென்றால் 30 என்பதே அதிகம் இல்லையா? 16-க்கு மேல் கையை விட முடியாது என்கிறீர்கள்.

செங்கல்சுவர்
நல்ல கேள்வி. 30-இல் வலி இருக்கும், கை இறுகும். ஆனால் எவ்வளவு நேரம் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. கருவி 0.3 நொடிக்குள் வெட்டிவிடுவதால் இதயத் துடிப்பு குலையும் நிலைக்குப் போவதற்கு முன்பே தப்பிக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, கருவி மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை. ஈரக் கையால் தொட்டால் 100, 200 கூடப் போகும், அப்போது இன்னும் வேகமாக வெட்டும். 150-க்கு மேல் 0.04 நொடி.

இதனால்தான் அந்த 100 மில்லி ஆம்பியர் யோசனை தப்பு. 100-க்கும் 300-க்கும் வேலை வேறு. வயரிங்கில் தீப்பிடிக்காமல் பார்க்கவும், முன்னால் மொத்தக் காவலாகவும் போடுவார்கள். 32 ஆம்பியர் வரையுள்ள பொது உபயோகப் பிளக்குகளுக்கு ஐஇசி 60364 கேட்பது 30-ஐத் தாண்டாத கருவி. 100 வந்தால் 60, 70 மில்லி ஆம்பியர் குழந்தையின் உடம்பு வழியாகப் போனாலும் அது விழ வேண்டிய அவசியம் இல்லை.

அளவுகோல்
இன்னொரு கோளாறையும் யாரும் கவனிக்கவில்லை. அலைக்கோடு மட்டும் என்றால் ஏசி வகை. இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் மாதிரிக் கருவிகளில் பழுது வந்தால் கசிவு அரை அலையாகவோ துடிக்கும் டிசியாகவோ வரும், ஏசி வகை அதைப் பார்க்கும் என்று நம்ப முடியாது. அந்த வளையம் கண்ணைக் கட்டிக்கொண்டுவிடும். ஜெர்மனியில் ஏசி வகையை அனுமதிப்பதே இல்லை. மாற்றுவதென்றால் அந்தத் துடிக்கும் கசிவையும் பார்க்கும் ஏ வகைக்கு மாற்றுங்கள், அதே 30-இல்.

எளியவன்
டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமா? நாங்கள் இப்போது போட்டிருக்கிறோம், மாதம் ஒரு தடவை அழுத்துகிறேன்.

செங்கல்சுவர்
மாதம் ஒரு தடவை அழுத்துவது ரொம்ப நல்ல பழக்கம் ஐயா, விடாதீர்கள். உள்ளே நெம்புகோல் இறுகிவிட்டதா என்று அதில்தான் தெரியும். ஆனால் அந்தப் பொத்தான் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக வித்தியாசத்தை உண்டாக்குகிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்கு விழும். எர்த்தைத் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும். அதே போல, ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் எந்த ஆர்சிசிபியும் காப்பாற்றாது, அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு பல்பு மாதிரிதான் தெரிவீர்கள்.

கம்பிவேலை30
இழை எங்கேயோ போய்விட்டது. கேட்டவர் என்ன ஆனார்? எலிமென்டை அளந்தாரா?

மழைத்துளி7 (மூன்று நாள் கழித்து)
தாமதத்துக்கு மன்னிக்கவும். கண்டுபிடித்தாயிற்று. முதலில் கீசர் எலிமென்டை அளந்தார், நன்றாக இருந்தது. அப்புறம் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவது வயர் எர்த்தோடு முழுத் தொடுகை. அது வாசல் விளக்கு. போன வாரம்தான் அந்த விளக்கை மாற்றினோம், இதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. திறந்து பார்த்தால், இரும்புப் பெட்டியின் மூடியை இறுக்கிய ஸ்க்ரூ கறுப்பு வயரின் தோலைக் கிழித்து உள்ளே ஏறியிருந்தது. ஸ்க்ரூ நுனியில் செம்பு பளபளவென்று தெரிந்தது. விளக்கு எரியாதபோதும் அது தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வயரை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, சின்ன ஸ்க்ரூ மாற்றினார். கீசர், இஸ்திரி, வாஷிங் மெஷின் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம், விழவில்லை. அதே 30 இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கம்பிவேலை30
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஸ்விட்சை அணைத்தாலும் நியூட்ரல் போகாது என்பதை நானே யோசித்திருக்க வேண்டும். இஸ்திரி என்று எழுதியபோதே நின்றிருக்க வேண்டும். ஓம்விதி தம்பி நன்றாகப் பிடித்தார்.

ஓம்விதி
சந்தோஷம். வேலை முடிந்த பிறகு எல்லா நியூட்ரலையும் மறுபடி மெகரில் அளந்தாரா? எர்த் எத்தனை ஓம் வந்தது? அலைக்கோடு மட்டும் உள்ள அந்தக் கருவி மாறியதா, அதே பழையதா?

எளியவன்
நானும் அவர் பதிலுக்குக் காத்திருக்கிறேன். எங்கள் கருவியிலும் அலைக்கோடு மட்டும்தான் இருக்கிறது, வாஷிங் மெஷின் இன்வெர்ட்டர் வகை. நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், எர்த்தையும் அளக்கச் சொல்லிவிட்டேன்.