டிஸ்க் பிரேக் லீவர்ல ஆயில் ஒழுகுது, லீவரையே மாத்தணுமா?

கொண்டைஊசி20:

எல்லாருக்கும் வணக்கம், நான் சேலம். மூணு வருஷமா ஒரு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் சைக்கிள் ஓட்டுறேன், முன்னாடி பின்னாடி ரெண்டுமே ஆயில் அழுத்தத்துல பிடிக்கற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு ஏறிட்டு இறங்கறப்ப முன் பிரேக் லீவர் வழக்கத்த விட உள்ள போற மாதிரி இருந்துச்சு, ரெண்டு வளைவு தாண்டுனதும் ரெண்டு தடவ அமுக்குனாத்தான் பிடிக்குதுன்னு ஆயிடுச்சு, பயந்து போய் ஓரமா நிறுத்தி பார்த்தா ரைட் கை கிளவுஸ்ல விரல் மடங்கற இடம் ஈரமா இருக்கு. வியர்வைன்னு நெனச்சேன், தொட்டா பிசுபிசுன்னு எண்ணெய். மீதி தூரம் பின் பிரேக்க வச்சே பாதி ஓட்டியும் பாதி உருட்டியும் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நல்லா தொடச்சு வச்சேன், காலைல பார்த்தா லீவருக்கு நேர் கீழ தரைல ஒரு சொட்டு. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க தெரியல. உள்ள இருக்கற ரப்பர் மட்டும் மாத்திக்கலாமா இல்ல லீவரே புதுசு வாங்கணுமா? அடுத்த மாசம் மறுபடி ஏற்காடு குரூப் ரைடு இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனியன்வேஸ்ட்:

தம்பி, முதல்ல அந்த வண்டிய தெருமுனை கடைக்குக்கூட எடுக்காதீங்க. ஆயில அமுக்கி சுருக்க முடியாது, அதனாலதான் நீங்க விரல்ல குடுக்கற அழுத்தம் அப்படியே சக்கரத்துகிட்ட டிஸ்க கவ்வுற கேலிபருக்கு போகுது. ஒழுகுற வழியா காத்து உள்ள போயிடுச்சுன்னா காத்து சுருங்கும், லீவர் ஹேண்டில்பார தொட்டுடும், டிஸ்க் பாட்டுக்கு சுத்தும்.

எங்க ஒழுகுதுன்னு தெரியாம எதையும் வாங்காதீங்க. ஆயில் லீவர் ஓரமா வழிஞ்சு வேற எங்கயோ வந்து சொட்டும், அதனால சொட்டு விழுற இடத்த நம்ப முடியாது. ஒழுகுற இடம் பெரும்பாலும் நாலுதான்: ஆயில் போற குழாய், அதான் ஹோஸ், லீவருக்குள்ள நுழையற ஜாயிண்ட், மேல ஏர் எடுக்கறதுக்கு இருக்கற ப்ளீட் ஸ்க்ரூ, ஆயில் டேங்க் மூடி, அப்புறம் லீவர் மடங்கற இடத்துல பிஸ்டன தள்ற குச்சி உள்ள போற ஓட்டை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி லீவர் முழுக்க தொடச்சு காயவிட்டு, நாலு இடத்துலயும் வெள்ளை டிஷ்யூ பேப்பர தனித்தனியா சுத்துங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது. லீவர நல்லா அமுக்கி பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி ஹேண்டில்பாரோட சேத்து கட்டிட்டு ராத்திரி பூரா விடுங்க. காலைல எது நனைஞ்சிருக்கோ அதுதான் இடம்.

ஹோஸ் ஜாயிண்ட்டா இருந்தா வேலை லேசு. உள்ள ஆலிவ்னு ஒரு சின்ன பித்தளை வளையம் இருக்கும், ஒரு தடவ டைட் பண்ணா நசுங்கி ஹோஸ கவ்விக்கும், கழட்டிட்டா அத மறுபடி போடக்கூடாது, புது ஆலிவ், ஹோஸ் முனைக்குள்ள சொருகற புது இன்சர்ட் போட்டுதான் முடுக்கணும். ஷிமானோ கம்பெனி பிரேக்கா இருந்தா ஹோஸ் மேல பிஎச்59ஆ பிஎச்90ஆன்னு அச்சடிச்சிருக்கும், ரெண்டுக்கும் இன்சர்ட் வேற வேற, மாத்தி போட்டா மறுபடி ஒழுகும். 8 எம்எம் ஸ்பேனர் போதும்.

ஓடைக்கரை:

எனக்கு போன வருஷம் இதே மாதிரிதான் அண்ணா, ப்ளீட் ஸ்க்ரூவோட ஓ ரிங், அந்த சின்ன ரப்பர் வளையம், பிஞ்சிருந்துச்சு. அந்த ஸ்க்ரூவ ரொம்ப லேசாத்தான் முடுக்கணுமாம், கடைல பலம் காட்டிட்டாங்க. ரெண்டு ஓ ரிங்ல முடிஞ்சுது. இவருக்கும் அதுவா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அவசரத்துக்கு ஆயில் ஊத்திட்டு ரைடு போயிட்டு வந்து பாத்துக்கலாமான்னு மட்டும் ஒரு சந்தேகம்.

பனியன்வேஸ்ட்:

ஓடைக்கரை, அத மட்டும் செய்யவே கூடாது. சமவெளில ஓட்டறதுன்னாலும் ஆகாது, இவரு போறது மலை இறக்கம்.

கொண்டைஊசி20:

அண்ணா நீங்க சொன்ன மாதிரியே டியூப் கட்டி வச்சேன். ஜாயிண்ட் டிஷ்யூ காஞ்சு கெடக்கு, மூடி, ஸ்க்ரூ ரெண்டும் காஞ்சிருக்கு. லீவர் மடங்கற இடத்துல சுத்துன டிஷ்யூ மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கு. அங்க இருக்கற சின்ன ரப்பர் மூடிய விரலால லேசா தள்ளுனா உள்ளேருந்து ஆயில் வருது, ரப்பரும் உப்பி கொழகொழன்னு இருக்கு.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி லீவர் கொஞ்சம் லூசா இருந்துச்சுன்னு வீட்டு பக்கத்துல மோட்டார் பைக் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவரு பிரேக் ஆயில் ஊத்தி ஏர் எடுத்து குடுத்தாரு, முன் பிரேக் மட்டும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

குன்னூர்_கியர்:

சம்பந்தம் இருக்கு தம்பி, அதுதான் காரணமா இருக்கும்னு நெனைக்கிறேன். உங்க டேங்க் மூடி மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, மினரல் ஆயில்னு இருந்தா அந்த மெக்கானிக் ஊத்துனது தப்பான ஆயில். பைக், கார்ல ஊத்தறது டாட் 3, டாட் 4 வகை, அது கிளைக்கால் ஈதர். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில், ஸ்ராம் பெரும்பாலும் டாட், இப்ப வந்த சில மாடல் மட்டும் மினரல். டாட் மோசமான ஆயில்னு சொல்லல, அதுக்குன்னு செஞ்ச பிரேக்ல அருமையா வேலை செய்யும். ஆனா மினரல் சிஸ்டத்துல போடற ரப்பர் சீல் வேற, டாட் பட்டா அது ஊதி மெத்துன்னு ஆயி வடிவம் போயிடும். டாட் சிஸ்டத்துல மினரல் ஊத்துனாலும் இதே கதைதான்.

உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. சிரிஞ்ச்ல முன் பிரேக் டேங்க்லேருந்து ரெண்டு மில்லி உறிஞ்சி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணில விட்டு கலக்குங்க, இன்னொரு டம்ளர்ல பின் பிரேக் ஆயில். மினரல் மெதக்கும், டாட் தண்ணியோட கரைஞ்சிடும். கைல கிளவுஸ் போட்டுக்கோங்க, ஃபிரேம் பெயிண்ட் மேல சிந்துனா உடனே தண்ணி ஊத்தி கழுவிடுங்க, டாட் பெயிண்ட அரிச்சுடும்.

கொண்டைஊசி20:

அக்கா, பண்ணி பார்த்தேன். மூடில மினரல் ஆயில்னுதான் பொடி எழுத்துல இருக்கு, இத்தன நாள் நான் படிச்சதே இல்ல. பின் பிரேக் ஆயில் நல்ல செவப்பு, எவ்வளவு கலக்குனாலும் ரசத்துல எண்ணெய் மெதக்கற மாதிரி மேல வந்து வட்டமா நின்னுது. முன் பிரேக் ஆயில் வெளிறுன மஞ்சள், ஸ்பூன் போட்டு ஒரு சுத்து சுத்துனதும் கரைஞ்சே போச்சு, மேல பொட்டு மாதிரி ரெண்டே ரெண்டு எண்ணெய் துளி. மனசே சரியில்ல. ஆயில மட்டும் மாத்தி மினரல் ஊத்தி ஓட்டிக்கலாமா?

குன்னூர்_கியர்:

ஊதுன சீல் திரும்ப பழைய அளவுக்கு வராது தம்பி, எத்தன தடவ கழுவி விட்டாலும் வராது. பிஸ்டன்ல முன்னாடி ஒரு சீல், பின்னாடி ஒரு சீல். பின்னாடி சீல் போனா உங்களுக்கு வந்த மாதிரி வெளிய ஒழுகும், கண்ணுக்கு தெரியும். முன்னாடி சீல் போனா வெளிய ஒரு சொட்டு வராது, அமுக்கி பிடிச்சுகிட்டே இருந்தா லீவர் மெல்ல மெல்ல உள்ள இறங்கும், நான் பயப்படறது அதுக்குத்தான். ஒரே ஆயில் ரெண்டு மாசம் கேலிபர் வரைக்கும் போயிருக்கு, அங்க இருக்கற சீலும் அதே ரப்பர்தான்.

ஹோப், ஸ்ராம் மாதிரி கம்பெனி லீவர் உள் பாகம் கிட்டா தருது, ஷிமானோல லீவர் சீல் தனியா வராது, லீவராவேதான் வாங்கணும். உங்க கேஸ்ல கிட் கிடைச்சாலும் நான் போட சொல்ல மாட்டேன். லீவர், ஹோஸ், கேலிபர் சேந்து ஆயில் ஊத்தியே வர்ற முழு செட்டு கிடைக்கும், முன் பக்கத்துக்கு அது வாங்குங்க. பின் பிரேக் நல்லா இருக்கு, தொட வேணாம். டிஸ்க உரசுற பழைய பிரேக் பேட எடுத்து புது செட்ல போடாதீங்க, டிஸ்க மட்டும் ஆல்கஹால்ல தொடச்சு வச்சுக்கலாம்.

பனியன்வேஸ்ட்:

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. செட்ல வர்ற ஹோஸ் நீளமா இருந்து வெட்ட வேண்டி வந்தா, வெட்டுன பிறகு ஏர் எடுத்தே ஆகணும். ஆயில கீழ கேலிபர்லேருந்து சிரிஞ்ச்ல மேல தள்ளுங்க, காத்து தானா மேல ஏறும். சக்கரத்தையும் பேடையும் கழட்டிட்டு கேலிபர் நடுவுல ப்ளீட் பிளாக்னு ஒரு அடைப்பு கட்டை வச்சுக்கோங்க. ஹோஸ ஸ்பேனர் பிடியால தட்டிகிட்டே இருங்க, வளைவுல ஒட்டி நிக்கற குமிழி அப்பத்தான் கெளம்பும், லீவர் மேல இருக்கற கப்ல பொட்டு பொட்டா வர்றது நிக்கற வரைக்கும் விடாம தட்டணும். எனக்கு ஒரு தடவ முக்கா மணி நேரம் ஆச்சு.

ஓடைக்கரை:

நானும் இப்பத்தான் போய் என் டேங்க் மூடிய படிச்சு பார்த்தேன். மினரல். வீட்ல பைக்குக்கு வாங்குன டாட் 4 டப்பா சைக்கிள் டூல்ஸ் பக்கத்துலயே இருந்துச்சு, எடுத்து வேற அலமாரில வச்சுட்டேன்.

கொண்டைஊசி20:

முழு செட்டு ஆர்டர் போட்டாச்சு, அஞ்சு நாள்ல வரும். கூடவே ரெண்டு ஆலிவ், ரெண்டு இன்சர்ட், மினரல் ஆயில் ஒரு பாட்டில். மெக்கானிக் அண்ணன்கிட்டயும் டம்ளர் ரெண்டையும் எடுத்துட்டு போய் காட்டினேன், அவருக்கு உண்மையிலேயே தெரியல, வருத்தப்பட்டாரு, இனிமே சைக்கிள் வந்தா மூடிய படிச்சுட்டுதான் தொறப்பேன்னாரு. மாட்டி முடிச்சதும் மறுபடி ராத்திரி டிஷ்யூ கட்டி வச்சு பார்த்துட்டு இங்கயே சொல்றேன். அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி.