வேலை வழக்குகளில் நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போனால்: பார்த்தவர்கள் பகிர்வு

பணியாளர் தரப்பு வழக்கறிஞர்

வேலை நீக்கம், போனஸ் பாக்கி, நோட்டீஸ் காலச் சம்பளம் என்று நடுவரிடம் (நீதிமன்றத்துக்கு வெளியே, ஒப்பந்தப்படி தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேட்டர்) போய்த் தோற்றவர்கள் "அப்பீல் போடலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில் தீர்ப்பின் மீது அப்பீல் கிடையாது. பிரிவு 34-இன் கீழ் அதை ரத்து செய்யக் கோரும் மனு மட்டுமே உண்டு. இந்த வித்தியாசம் பிடிபடாமல் எழுதிய மனுக்கள்தான் அதிகம் தள்ளுபடியாகின்றன. "இரண்டாம் சாட்சியை நடுவர் நம்பியது தவறு" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் பயனில்லை. சாட்சியத்தை மறுபடி எடைபோட நீதிமன்றம் உட்காராது.

காலக்கெடுவில் கவனம் வேண்டும். கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் கைக்கு வந்ததிலிருந்து 3 மாதம். 90 நாள் அல்ல. வந்த தேதியை விட்டுவிட்டு எண்ண வேண்டும். நவம்பர் 12 அன்று வாங்கினால் பிப்ரவரி 12 கடைசி. தவறினால் தக்க காரணம் காட்டி இன்னும் 30 நாள் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீளாது. 3 மாதம் நீதிமன்ற விடுமுறையில் முடிந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். கூடுதல் 30 நாள் விடுமுறைக்குள் முடிந்தால் அந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. பதிவுத் தபால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். தேதித் தகராறு வந்தால் அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் பேசும்.

தாக்கல் செய்யும் இடமும் முக்கியம். பணி ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணையின் இருக்கை, அதாவது சட்டப்படி அது சேர்ந்த ஊர், பெங்களூரு என்று எழுதியிருந்தால், சென்னையில் வேலை பார்த்தவரும் பெங்களூரு போக வேண்டும்.

மனுவில் எடுபடுபவை சிலதான். நோட்டீஸ் வரவில்லை, தரப்பைச் சொல்ல வாய்ப்பு இல்லை, ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள விஷயத்தைத் தீர்த்துவிட்டார், காரணமே எழுதவில்லை, ஆதாரமே இல்லாமல் முடிவெடுத்தார். இவற்றையும் நடுவர் முன் உள்ள பதிவுகளைக் கொண்டே காட்ட வேண்டும். 2019 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ஆட்சேபணையை விசாரணை நாளிலேயே எழுத்தில் கொடுத்து, அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஏற வைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் நிற்காது.

வேலை வழக்குகளில் பலமான காரணம் நடுவர் நியமனம். "நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒருவரே நடுவர்" என்ற வரி இன்னும் எத்தனையோ பணி நியமன ஆணைகளில் கிடக்கிறது. தகராறின் தரப்போடு நெருங்கிய தொடர்புள்ளவர் நடுவராகக் கூடாது என்னும் பிரிவு 12(5), அதைப் பற்றிய 2019 தீர்ப்புகள் இரண்டும் சேர்ந்து அந்த வரியைச் செல்லாததாக்கிவிட்டன. தகராறு எழுந்த பிறகு எழுத்துமூலம் விட்டுக்கொடுத்திருந்தால் மட்டும் வேறு. விசாரணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது சம்மதம் ஆகாது.

தொழிற்சங்க சட்டப் பொறுப்பாளர்

மேலே வழக்கறிஞர் சார் சொன்னது மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். தொழிற்தகராறு சட்டப்படி "தொழிலாளி" என்றால் பாதை வேறு. 20-11-2025 வரை நடைமுறையில் இருந்த அந்த 1947 சட்டத்தின் பிரிவு 10ஏ-படி இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு நடுவரிடம் போனால், அதற்கு நடுவர் சட்டம் பொருந்தாது என்று அதே பிரிவின் 5-ஆம் உட்பிரிவு சொன்னது. எதிர்க்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-இன் கீழ் ரிட் மனு. குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் (1980) நடுவர் உறுதி செய்த கூட்டு வேலை நீக்கத்தை ரிட்டில் மாற்றியது சரியே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ரிட்டுக்கு நாள் கணக்கு கிடையாது. ஆனால் தாமதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே 1947 சட்டத்தின் பிரிவு 17பி பற்றிப் பலர் குழம்புகிறார்கள். மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை முதலாளி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தால், வழக்கு முடியும் வரை கடைசியாக வாங்கிய சம்பளம் கிடைக்கும் என்றது அந்தப் பிரிவு. வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டும். பிறகு தோற்றாலும் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயங்கள் கொடுத்த தீர்ப்புகளைத்தான். நடுவர் அதில் இல்லை. 10ஏ தீர்ப்பை வைத்திருப்பவர் 17பி-யை மட்டும் நம்பாமல், தடையாணைக்கு நிபந்தனையாகச் சம்பளம் கேட்டு வைப்பது பத்திரம்.

21-11-2025 முதல் 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் தன்விருப்ப நடுவர் ஏற்பாடு பிரிவு 42.

மனிதவளத் துறையிலிருந்து ஒரு கேள்வி

நடுவர் தொகையைத் தப்பாகக் கூட்டியிருந்தால் முழுத் தீர்ப்பையும் ரத்து செய்யத்தான் வேண்டுமா?

பணியாளர் தரப்பு வழக்கறிஞர்

வேண்டாம். கூட்டல் பிழை, எழுத்துப் பிழைக்கு முதலில் பிரிவு 33-இன் கீழ் நடுவரிடமே 30 நாளுக்குள் மனு கொடுங்கள். கேட்ட கோரிக்கை ஒன்றைத் தீர்க்காமல் விட்டிருந்தாலும் அதே வழி. அந்த மனு முடிந்த நாளிலிருந்துதான் பிரிவு 34-க்கான 3 மாதம் ஓடத் தொடங்கும்.

நீதிமன்றமே தொகையை மாற்றலாமா என்பது நெடுநாள் சண்டை. அதைத் தீர்த்ததும் சென்னையிலிருந்து போன ஒரு வேலை வழக்குதான். நடுவர் 2 கோடி ரூபாய் கொடுத்தார். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கூடுதலாக 1.6 கோடி சேர்த்தார். இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதலை 50,000 ஆக்கியது. 30-4-2025 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 4-க்கு 1 என்று முடிவு சொன்னது: பிரிக்கக்கூடிய பகுதியைப் பிரித்து ரத்து செய்யலாம், பார்த்தாலே தெரியும் கணக்குப் பிழையைத் திருத்தலாம், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். இழப்பீடு குறைவு என்பதற்காகக் கூட்டிக் கொடுக்க இது வழி திறக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

இன்னொன்று. மனு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்பது 2015 திருத்தத்துக்கு முந்தைய கதை. தடைக்குத் தனி மனு வேண்டும். பணத் தீர்ப்பு என்றால் தொகையைக் கட்டச் சொல்வதையும் நிறுவனங்கள் எதிர்பார்த்தே வர வேண்டும். தடை இல்லையென்றால் பணியாளர் நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். ஜெயித்த பணியாளர்கள் பலர் எதிர் மனுவைப் பார்த்துப் பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள், தேவையே இல்லை.

தீர்ப்பு முழுதும் ரத்தானால் தகராறை முதலிலிருந்து நடத்தலாம். நடுவர் விசாரணை தொடங்கியதிலிருந்து ரத்து உத்தரவு வரை ஓடிய காலத்தைக் காலவரம்பில் கழித்துக்கொள்ள பிரிவு 43(4) இடம் தருகிறது. அந்தக் கணக்கைப் புதிய நோட்டீஸின் முதல் பத்தியிலேயே தேதியோடு எழுதிவிடுங்கள்.