கன்ஃபெஷனலிசம்: ‘சமயப்பிரிவுப் பங்காட்சி’ சரிப்படுமா?

> கன்ஃபெஷனலிசத்துக்குத் தமிழில் ‘மதவாதம்’ என்றே போட்டுவிடலாமே. பத்திரிகைகளில் அப்படித்தான் வருகிறது.

வேண்டாம் ஐயா. மதவாதம் ஒரு மனப்போக்கு. லெபனானில் இருப்பது, பதவிகளைச் சமயப்பிரிவுகளுக்குப் பங்கிடும் ஆட்சி ஏற்பாடு. மதவெறி துளியும் இல்லாதவரும் அதற்குள்தான் பிறக்கிறார், மணம் முடிக்கிறார், சொத்துப் பிரிக்கிறார். பெய்ரூட்டில் ஒரு சன்னி முஸ்லிம் பெண்ணும் மாரோனியக் கிறித்தவ இளைஞரும் மதம் மாறாமல் மணக்க வேண்டுமானால் பெரும்பாலும் சைப்ரசுக்குத்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தால் அதே லெபனான் அரசு ஏற்றுக்கொள்கிறது!

‘கன்ஃபெஷன்’ என்பதன் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் வாசகர் பாவமன்னிப்புக் கூண்டில் போய் நிற்பார். ‘வகுப்புவாரி முறை’ நெருங்கி வருகிறது, ஆனால் சென்னை மாகாணத்து அரசாணைதான் நினைவுக்கு வரும். அது அரசு வேலைக்கும் கல்லூரி இடத்துக்குமானது. லெபனானில் குடியரசுத் தலைவர் மாரோனியர், பிரதமர் சன்னி, அவைத்தலைவர் ஷியா என்று உச்சிப் பதவிகளையே பங்கு போட்டிருக்கிறார்கள். 1943இல் செய்த அந்த உடன்படிக்கை எழுத்தில்கூட இல்லை.

ஆகவே ‘சமயப்பிரிவுப் பங்காட்சி’, அதாவது பங்கு போட்டு ஆள்வது. மாரோனியரும் கிரேக்க ஆர்த்தடாக்சும் ஒரே மதம், வேறு வேறு பிரிவு. அதனால் ‘மத’ என்று தொடங்கக்கூடாது. பங்காளிச் சண்டை வாடை அடிக்கிறதே என்றால், அடிக்கட்டும்.

> எல்லாம் பிரெஞ்சுக்காரன் வேலை என்று விளக்கத்தில் சேர்க்கலாமா?

அவ்வளவு சுளுவில்லை. ஒட்டோமான் ஆட்சியிலேயே, 1861க்குப் பிறகு, மலை லெபனானின் (இன்றைய லெபனானின் மலைப்பகுதி) நிர்வாக மன்றத்தில் பிரிவுவாரி இடங்கள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆள வந்த பிரான்சு செய்தது இரண்டு. 1920இல் பிரெஞ்சுத் தளபதி கூரோ திரிப்போலி, சைதா, பெக்காவை இணைத்துப் பெரிய லெபனானை அறிவித்தார். முஸ்லிம்கள் கூடினார்கள், மக்கள் கணக்கு மாறியது. 1926 அரசியலமைப்பின் 95ஆம் பிரிவு, பதவிகளில் சமயப்பிரிவுகளுக்குப் பங்கு தந்தது, அதுவும் ‘தற்காலிகமாக’. 1932க்குப் பிறகு அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே இல்லை. எண்ணினால் பங்கு ஆட்டம் காணும், வேறென்ன? கிறித்தவர் 6, முஸ்லிம் 5 என்றிருந்த நாடாளுமன்ற விகிதம் சரிபாதியாக மாற, உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் தாயிஃப் உடன்படிக்கை வரவேண்டியிருந்தது.

> பங்காட்சி நன்று. ஆனால் திருமணச் சட்டத்தை எங்கே வைப்பீர்கள்?

அதற்குத் ‘தனிநபர் சட்டம்’ இருக்கவே இருக்கிறது. இன்னொன்று: சிரியாவில் பிரான்சு டமாஸ்கஸ், அலெப்போ நகரங்களுக்கும் அலவி, துரூஸ் சமயப்பிரிவினருக்கும் என்று தனித்தனி அரசுகளாக நறுக்கியதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். நாட்டை நறுக்குவது ஒரே ஆட்சியில் பங்கு கொடுப்பதாகாது. அது பச்சையான பிரித்தாளல்.